பைத்தான் ப்ராஜெக்டில் கோட் ஃபார்மேட் சோதனையைத் தானாக ஓட வைக்க: எதை முதலில், எதை அப்புறம்

நாலைந்து பேர் ஒரே பைத்தான் ப்ராஜெக்டில் வேலை செய்தால் ரிவ்யூ நேரத்தில் பாதி, மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா, நீளமான வரியை எங்கே உடைப்பது என்ற பேச்சிலேயே கரைந்துவிடும். எங்கள் குழுவிலும் அப்படித்தான் இருந்தது. இதை ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மதியத்தில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு வாரம் இழுத்தது. கான்ஃபிக் எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மீதி நாட்கள் முழுக்க, முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ததால் விழுந்த சிக்கலைப் பிரிப்பதிலேயே போயின. உங்களுக்கு அந்த இரண்டு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான், இப்போது ஒவ்வொரு புதிய ப்ராஜெக்டிலும் நான் செய்யும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

நேரக் கணக்கு இப்படி (8-ஆம் படியில் வரும் ஒரு வாரக் காத்திருப்பு இதில் சேராது): ஆளில்லாத புது ரெப்போ (கோட் வைக்கும் கிட் களஞ்சியம்) என்றால் ஒரு மணி நேரம் போதும். பழைய கோட், திறந்து கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்கள் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) என்று இருந்தால் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் உங்கள் கை வேலை ஒரு நாள்கூட இருக்காது. மற்றதெல்லாம் அடுத்தவர்கள் மெர்ஜ் செய்யக் காத்திருப்பதுதான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசியில் உங்கள் ரெப்போவில் ஐந்து கோப்புகள் இருக்கும். அமைப்புகளுக்கு “பைப்ராஜெக்ட்.டோமல்”. கமிட் நேரச் சோதனைக்கு “.ப்ரீ-கமிட்-கான்ஃபிக்.யாமல்”. சிஐ-க்கு (கோடைப் புஷ் செய்ததும் சர்வரில் தானாக ஓடும் சோதனை) “.கிட்ஹப்” அடைவுக்குள் இருக்கும் “வொர்க்ஃப்ளோஸ்” அடைவில் ஒரு யாமல் கோப்பு. வரிமுடிவுக் குழப்பத்தைத் தடுக்க “.கிட்ஆட்ரிபியூட்ஸ்”. கடைசியாக “.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்”. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏன் தேவை என்று 5-ஆம் படியில் சொல்கிறேன்.

கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு எல்லோரிடமும் இருக்க வேண்டும். “கிட் --வெர்ஷன்” என்று தட்டிப் பாருங்கள்.

ரெப்போ செட்டிங்ஸை மாற்றும் அட்மின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். 8-ஆம் படியில் அது இல்லாமல் நகர முடியாது. அந்த ஆள் விடுப்பில் இருந்தால் வேலை அப்படியே நிற்கும்.

செலவைப் பொறுத்தவரை, இங்கே சொல்லும் ஃபார்மேட், லின்ட், ப்ரீ-கமிட் கருவிகள் எல்லாமே கட்டற்ற மென்பொருள். ஒரு காசு கிடையாது. செலவு வரக்கூடிய இடங்கள் சிஐ நிமிடங்களும், பிரைவேட் ரெப்போவில் சோதனையைக் கட்டாயமாக்குவதும்தான். முதலாவதன் கணக்கு 7-ஆம் படியில், இரண்டாவது 8-ஆம் படியில்.

2. ஒரே ஒரு ஃபார்மேட்டர்

இன்று தேர்வு பெரும்பாலும் இரண்டுக்குள் அடங்கிவிடும்: பிளாக், ரஃப். ஏற்கெனவே பிளாக் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், மாற்ற அவசரம் ஒன்றும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் ரஃப் எடுங்கள். ரஸ்ட்டில் எழுதப்பட்டதால் வேகம் அதிகம். ஃபார்மேட்டிங், தவறு தேடும் லின்ட்டிங், இம்போர்ட் வரிசைப்படுத்தல் மூன்றையும் ஒரே கருவி பார்த்துக்கொள்ளும். கீழே ரஃப்பை வைத்தே சொல்கிறேன். பிளாக்கில் வேறுபடும் இடத்தில் குறிப்பிடுகிறேன்.

இங்கே விழும் பொறி, இரண்டையும் ஒன்றாக ஓட விடுவது. ரஃப்பின் வெளியீடு பிளாக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த “கிட்டத்தட்ட”வில்தான் ஆபத்து. ஒத்துப்போகாத பத்து வரி இருந்தால் போதும், ஒன்று மாற்றியதை இன்னொன்று திரும்ப மாற்றும், சோதனை எப்போதும் சிவப்பிலேயே நிற்கும்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வையுங்கள். “ரஃப் ஃபார்மேட்” இம்போர்ட் வரிகளை வரிசைப்படுத்தாது. அது “ரஃப் செக்” கட்டளையின் வேலை. அதுவும் “ஐ” விதித் தொகுதியைச் சேர்த்தால்தான் நடக்கும். ஃபார்மேட் ஓட்டியும் இம்போர்ட் அப்படியே கிடக்கிறதே என்று நான் ஒரு மணி நேரம் கான்ஃபிக்கைத் துழாவியிருக்கிறேன்.

3. பதிப்பைப் பூட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

என் லேப்டாப்பில் சோதனை ஓட்டினால் எல்லாம் சுத்தம். புஷ் செய்தால் சிஐ சிவப்பு. பதிவைத் திறந்தால், ஒரு கோப்பு மாற்றியமைக்கப்பட வேண்டும் என்று ஒரே ஒரு வரி. மறுபடி ஃபார்மேட் ஓட்டினேன். மாற்ற ஒன்றும் இல்லை என்றது. வெற்று வரி ஒன்றைக் கையால் நீக்கிப் பார்த்தேன். சிஐ பச்சை ஆனது. ஆனால் கோப்பைச் சேமித்ததும் என் எடிட்டர் அந்த வரியைத் திரும்பப் போட்டுவிட்டது. ஒரு மாலை முழுக்க இப்படியே போனது. கடைசியில் இரண்டு இடத்திலும் பதிப்பு எண்ணை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிஐ ஒவ்வொரு முறையும் கடைசிப் பதிப்பை இறக்கிக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்தது சில மாதம் பழையது.

ஃபார்மேட்டரின் பாணி காலப்போக்கில் மாறும். பிளாக் இதை வெளிப்படையான கொள்கையாகவே வைத்திருக்கிறது: ஓர் ஆண்டுக்குள் நிலையான பாணி மாறாது, அடுத்த ஆண்டின் முதல் வெளியீட்டில் மாறலாம். அதனால் பதிப்பைப் பூட்டாத ப்ராஜெக்டில், ஜனவரி மாதத்தில் ஒருநாள் காலையில் யாரும் எதையும் தொடாமலேயே சிஐ சிவந்து நிற்கும்.

செய்ய வேண்டியது: டெவலப்மென்ட் சார்புகள் பட்டியலில் இரட்டைச் சமக்குறி போட்டுத் துல்லியமான பதிப்பை எழுதுங்கள். “இதற்கு மேல் எதுவும்” என்ற குறி வேண்டாம். அப்புறம் பைப்ராஜெக்ட் கோப்பில் “ரிக்வயர்ட்-வெர்ஷன்” என்ற அமைப்பிலும் அதே எண்ணைப் போடுங்கள். பிளாக்கிலும் இதே பெயரில் அமைப்பு உண்டு. இது இருந்தால், வேறு பதிப்பை வைத்திருப்பவருக்குக் கருவி ஓடவே மறுத்து, காரணத்தையும் சொல்லிவிடும். எனக்கு ஒரு மாலை எடுத்தது, உங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவருக்குப் பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

4. பைப்ராஜெக்ட் கோப்பில் எழுத வேண்டியவை

“டூல்.ரஃப்” என்ற பகுதியைத் திறந்து, வரி நீளத்தை முடிவு செய்யுங்கள். இயல்பு 88 எழுத்து. ரஃப், பிளாக் இரண்டுக்கும் அதுதான். பைத்தானின் பாணி வழிகாட்டியான பெப் 8 சொல்வது 79. குழு ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. எந்த எண்ணாக இருந்தாலும் பழைய கோடைச் சீரமைக்கும் முன்பே உறுதி செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால் ரெப்போ முழுக்க மறுபடியும் மாறும். என் கருத்து 88-ஐத் தொடாமல் விடுவதுதான். மேற்கோள் குறி, உள்தள்ளல் போன்ற அமைப்புகளையும் தொடாதீர்கள். அவற்றைப் பற்றிய விவாதத்தை நிறுத்தத்தானே இந்தக் கருவியை வைக்கிறோம்.

“எக்ஸ்க்ளூட்” பட்டியலில் மனிதர் எழுதாத கோப்புகளைப் போடுங்கள்: புரோட்டோபஃப் உருவாக்கியவை, டேட்டாபேஸ் மைக்ரேஷன்கள், வெளியிலிருந்து அப்படியே எடுத்து வைத்த நூலகங்கள். ரஃப் 0.6-இலிருந்து ஜூபிட்டர் நோட்புக்குகளையும் இயல்பாகவே ஃபார்மேட் செய்யும். அது வேண்டாம் என்றால் அவற்றையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள்.

லின்ட் பகுதியில் “எக்ஸ்டெண்ட்-செலக்ட்” என்பதில் “ஐ” சேர்த்தால் இம்போர்ட் வரிசை வந்துவிடும். பிளாக்கோடு ஐசார்ட் (இம்போர்ட்களை வரிசைப்படுத்தும் கருவி) வைத்திருப்பவர்கள் ஐசார்ட் அமைப்பில் “ப்ரொஃபைல்” என்பதை பிளாக் என்று வைக்காவிட்டால் இரண்டும் மோதும். ஃப்ளேக்8 என்ற லின்ட்டர் வைத்திருப்பவர்கள் ஈ203, ஈ701 விதிகளை அணைத்துவிடுங்கள். அவை பிளாக் எழுதும் வடிவத்தையே தவறு என்று சொல்லும்.

அமைப்பு எடுபடவில்லை என்றால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: அதே அடைவில் “ரஃப்.டோமல்” என்று தனிக் கோப்பு யாராவது போட்டிருக்கிறார்களா? இருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. பைப்ராஜெக்டில் ரஃப்புக்காக நீங்கள் எழுதியது எதுவும் கண்டுகொள்ளப்படாது. துணை அடைவில் வேறு கான்ஃபிக் இருந்தால் அந்த அடைவுக்கு அதுதான் பொருந்தும். மேலே உள்ளதோடு தானாகச் சேராது.

புதியவர்களைக் குழப்பும் ஒரு நடத்தையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று அளவுருக்கள் உள்ள ஒரு ஃபங்ஷன் அழைப்பை வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். மொத்தமும் 50 எழுத்துதான், ஒரே வரியில் அடங்கும். ஃபார்மேட் ஓட்டினால் சில இடங்களில் ஒரே வரியாகச் சுருங்குகிறது, சில இடங்களில் அப்படியே நிற்கிறது. வேறுபாடு எங்கே என்றால், கடைசி அளவுருவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு காற்புள்ளியில். அந்தக் காற்புள்ளி இருந்தால் “இதை வரிக்கு ஒன்றாகவே வை” என்று நீங்கள் கேட்பதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால், இடம் இருந்தால் சுருக்கிவிடும். இது தெரிந்தால் பல இடங்களில் வடிவம் உங்கள் கையில் இருக்கும். தெரியாவிட்டால் கருவி ஒரு சமயம் போல ஒரு சமயம் இல்லை என்றுதான் தோன்றும்.

5. பழைய கோடை ஒரே தடவையில், தனி கமிட்டாக

நான் சறுக்கிய இடம் இதுதான். கான்ஃபிக், சிஐ, ஃபார்மேட் செய்த கோட், போகிற போக்கில் சரிசெய்த இரண்டு பிழைகள் எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் போட்டேன். ஆயிரக்கணக்கான வரி மாற்றத்துக்குள் அந்த இரண்டு திருத்தங்கள் எங்கே என்று ரிவ்யூ செய்பவருக்குத் தெரியவில்லை. ஏழெட்டுப் பேருடைய பிராஞ்ச்கள் ஒரே நாளில் முரண்பட்டன. கடைசியில் எல்லாவற்றையும் ரிவர்ட் செய்துவிட்டு மறுபடி தொடங்கினோம்.

சரியான வரிசை இப்படி. முதலில் “ரஃப் ஃபார்மேட் --செக் .” ஓட்டி, எத்தனை கோப்பு மாறும் என்று பாருங்கள். இந்தக் கட்டளை எதையும் மாற்றாது, மாறப்போகும் கோப்புகளையும் எண்ணிக்கையையும் மட்டும் சொல்லும். அந்த எண்ணைக் குழுவிடம் காட்டி ஒரு நாளைக் குறியுங்கள். அந்த நாளுக்குள் முடிந்தவரை திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களை மெர்ஜ் செய்யச் சொல்லுங்கள். வாரக் கடைசி நல்ல நேரம்.

அதற்கு முந்தைய நாளே வரிமுடிவைச் சரிசெய்துவிடுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் மாறிமாறி வேலை செய்யும் குழு என்றால், கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்லா உரைக் கோப்புக்கும் வரிமுடிவு எல்எஃப் (லினக்ஸ் பாணி) என்று ஒரு வரி எழுதி, “கிட் ஆட் --ரீநார்மலைஸ் .” ஓட்டித் தனியாக கமிட் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு வார்த்தைகூட மாறாத கோப்பு முழுதாக மாறியதாக டிஃபில் (மாறிய வரிகளின் பட்டியலில்) தெரியும்.

குறித்த நாளில் மெயின் பிராஞ்சிலிருந்து புதிய பிராஞ்ச் எடுங்கள். “ரஃப் செக் --செலக்ட் ஐ --ஃபிக்ஸ் .” முதலில், “ரஃப் ஃபார்மேட் .” அடுத்து. வரிசை முக்கியம், முதல் கட்டளை செய்யும் திருத்தத்தையும் இரண்டாவது சீராக்க வேண்டும். பிறகு டெஸ்ட்களை முழுதாக ஓட்டுங்கள். ஃபார்மேட்டிங் நிரலின் பொருளை மாற்றாது, ஆனால் இம்போர்ட் வரிசை மாறினால் சில ப்ராஜெக்டுகளில் நடத்தையே மாறும். ஒரு மாட்யூல் இன்னொன்றுக்கு முன்னால் ஏற்றப்பட வேண்டும் என்று யாராவது அதை நம்பி எழுதியிருப்பார்கள்.

டிஃபை ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். எல்லா வரியும் வேண்டாம். எண் அட்டவணைகளையும் மேட்ரிக்ஸ்களையும் மட்டும் தேடுங்கள். 4-க்கு 4 மேட்ரிக்ஸ் ஒன்றைப் பத்தி பத்தியாகத் தசமப் புள்ளி நேர் வரும்படி ஒருவர் இடைவெளி வைத்து அழகாக அடுக்கியிருப்பார். ஃபார்மேட்டர் அந்த இடைவெளிகளையெல்லாம் ஒன்றாக்கிவிடும். அங்கே கண்ணுக்குத் தெரிந்த அர்த்தமே போய்விடும். அப்படிப்பட்ட இடத்துக்கு மேலே “# எஃப்எம்டி: ஆஃப்” என்றும் கீழே “# எஃப்எம்டி: ஆன்” என்றும் கமென்ட் போட்டால் கருவி அதைத் தொடாது. இதை மேட்ரிக்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காத இடத்தில் எல்லாம் போட ஆரம்பித்தால் பழைய விவாதம் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிடும்.

மெர்ஜ் ஆனதும், அந்த கமிட்டின் 40 எழுத்து முழு ஹேஷை பிளேம்-இக்னோர் கோப்பில் எழுதுங்கள். மேலே பவுண்டுக் குறி (#) போட்டு ஏன் என்று ஒரு வரி கமென்ட். இது இல்லாவிட்டால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் “கிட் பிளேம்” ஓட்டும்போது மாறிய வரி எல்லாவற்றிலும் உங்கள் பெயர்தான் வரும். அந்த வரியை உண்மையில் எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று தேடுபவருக்கு அது பெரிய தொல்லை. கிட்ஹப் இந்தப் பெயரில் உள்ள கோப்பை பிளேம் பக்கத்தில் தானே எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் “கிட் கான்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்” என்று தட்டி, பின்னால் கோப்பின் பெயரைக் கொடுங்கள். இதை ரெப்போவுக்குள் மட்டும் செய்யுங்கள், குளோபலாக வேண்டாம். குளோபலாக வைத்தால், அந்தக் கோப்பு இல்லாத மற்ற ரெப்போக்களில் பிளேம் பிழை காட்டி நின்றுவிடும்.

ஹேஷை மெர்ஜ் ஆன பிறகுதான் எடுக்க வேண்டும். ஸ்க்வாஷ் மெர்ஜ் (எல்லா கமிட்டையும் ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்தால் உங்கள் பிராஞ்சில் இருந்த ஹேஷ் மெயினில் இருக்காது, புதிது வந்துவிடும். நான் முதலில் எழுதியது அப்படி இல்லாமல் போன ஒரு ஹேஷைத்தான். ஆகவே அந்தக் கோப்புக்கு எப்போதும் இரண்டாவது, குட்டி புல் ரிக்வெஸ்ட் ஒன்று.

குறித்த நாளுக்குள் மெர்ஜ் ஆகாமல் தங்கிவிட்ட பிராஞ்ச்களை என்ன செய்வது? முரண்பாடுகளைக் கையால் தீர்க்க உட்காராதீர்கள். முதலில் ஃபார்மேட் கமிட்டுக்கு நேர் முந்தைய கமிட்டை அந்த பிராஞ்சில் மெர்ஜ் செய்யுங்கள். இதில் வரும் முரண்பாடு வழக்கமானதுதான். அடுத்து, ஃபார்மேட் கமிட்டில் உள்ள அதே கான்ஃபிக்கையும் ஃபார்மேட் விலக்குக் கமென்ட்களையும் கொண்டுவந்து, அதே பதிப்புக் கருவியை அந்த பிராஞ்சில் ஓட்டி கமிட் செய்யுங்கள். மூன்றாவதாக, ஃபார்மேட் கமிட்டை “கிட் மெர்ஜ் -எஸ் அவர்ஸ்” என்று மெர்ஜ் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஏற்கெனவே ஒரே மாதிரி ஃபார்மேட் ஆகிவிட்டதால், நம் பக்கத்தையே வைத்துக்கொள் என்று சொல்வதில் இழப்பு இல்லை. ஐந்து நிமிட வேலை. இது தெரியாமல் ஒரு நண்பர் முரண்பாடு தீர்த்தே ஒரு நாளைத் தொலைத்தார்.

6. ப்ரீ-கமிட்

கமிட் செய்யும்போதே சோதிப்பதற்கு ப்ரீ-கமிட் என்ற கருவி. அதன் யாமல் கோப்பில் ரஃப்பின் ப்ரீ-கமிட் ரெப்போ முகவரி, “ரெவ்” என்ற இடத்தில் பதிப்பு, அப்புறம் இரண்டு ஹூக்குகள் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் கட்டளைகள்): “ரஃப்-செக்” முதலில், “--ஃபிக்ஸ்” சேர்த்து, “ரஃப்-ஃபார்மேட்” அடுத்து. ரெவ் இடத்தில் 3-ஆம் படியில் பூட்டிய அதே பதிப்பு. ரஃப்புக்கு எண்ணுக்கு முன்னால் “வி” எழுத்து வரும், பிளாக்குக்கு வராது. அந்த ஓர் எழுத்து தவறினால் டேக் கிடைக்கவில்லை என்று பிழை வரும். “மெயின்” போன்ற பிராஞ்ச் பெயரை ரெவ்வில் போடாதீர்கள்.

“ப்ரீ-கமிட் இன்ஸ்டால்” என்ற கட்டளையை ஒவ்வொருவரும் தன் லேப்டாப்பில், குளோன் செய்த ஒவ்வொரு ரெப்போவிலும் ஒருமுறை ஓட்ட வேண்டும். கிட் ஹூக்குகள் குளோனோடு வராது. “நான் கான்ஃபிக் போட்டுவிட்டேன், எல்லோருக்கும் ஓடும்” என்ற நினைப்பு தவறு. முதல் முறை ஓடும்போது கருவிகளை இறக்கிச் சூழல் அமைப்பதால் நேரம் எடுக்கும். அடுத்த முறையிலிருந்து கண் இமைக்கும் நேரம்தான்.

புதியவர்கள் பயப்படும் இடம் ஒன்று. கமிட் செய்கிறார்கள், “ஃபெய்ல்ட்” என்று சிவப்பில் வருகிறது, கமிட் ஆகவில்லை. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஹூக் கோப்பைச் சரிசெய்து முடித்துவிட்டது. சரிசெய்ததை நீங்கள் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும் என்று கமிட்டை நிறுத்தியிருக்கிறது. “கிட் ஆட்” செய்து மறுபடி கமிட் செய்தால் போய்விடும். இதை உங்கள் குழுவுக்கு வாயால் சொல்லிவிடுங்கள்.

பிளாக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி: ப்ரீ-கமிட் கோப்புப் பெயர்களை நேரடியாகக் கொடுத்துக் கருவியை ஓட்டுகிறது. நேரடியாகக் கொடுத்த கோப்புக்கு எக்ஸ்க்ளூட் பட்டியல் பொருந்தாது. விலக்கி வைத்த மைக்ரேஷன் கோப்பெல்லாம் திடீரென்று மாறுவது இதனால்தான். பிளாக்கில் “ஃபோர்ஸ்-எக்ஸ்க்ளூட்” அமைப்பைப் பயன்படுத்துங்கள். ரஃப்பின் ஹூக்கில் அது ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது.

7. சிஐ

“--நோ-வெரிஃபை” போட்டால் ஹூக்கைத் தாண்டி கமிட் செய்துவிடலாம். அதனால் சிஐ சோதனை இல்லாமல் ப்ரீ-கமிட் மட்டும் போதாது. கிட்ஹப் ஆக்ஷன்ஸில் வேலை மிகச் சின்னது: கோடை எடு, பைத்தானை அமை, ப்ரீ-கமிட்டை நிறுவு, “ப்ரீ-கமிட் ரன் --ஆல்-ஃபைல்ஸ் --ஷோ-டிஃப்-ஆன்-ஃபெய்ல்யர்” ஓட்டு. சிஐ-யில் ரஃப்பைத் தனியாக நிறுவுவதைவிட இதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஹூக்கில் இருக்கும் பதிப்பே சிஐ-யிலும் ஓடும், எண் இரண்டாகப் பிரியாது.

எப்போதும் பச்சையாகவே இருக்கும் சோதனைதான் மிக மோசமான பொறி. அது மூன்று வழியில் வரும். “--ஆல்-ஃபைல்ஸ்” விட்டுப்போனால், சிஐ-யில் ஸ்டேஜ் ஆன கோப்பு எதுவும் இல்லாததால் எல்லா ஹூக்கும் தாண்டப்பட்டுப் பச்சை வரும். ரஃப்பையோ பிளாக்கையோ நேரடியாக ஓட்டும்போது “--செக்” விட்டுப்போனால், கருவி சிஐ கணினியில் கோப்பை மாற்றிவிட்டு வெற்றி என்று வெளியேறும். அந்தக் கணினி அடுத்த நிமிடம் அழிந்துவிடும். மூன்றாவது பிளாக்குக்கு மட்டும்: “--டிஃப்” தனியாகப் போட்டால் வித்தியாசத்தை அச்சிட்டும் வெளியேறும் எண் 0, அதாவது வெற்றிதான். “--செக்” கூடவே வேண்டும்.

அதனால், சிஐ அமைத்ததும் வேண்டுமென்றே ஒரு கோப்பில் இரண்டு இடைவெளியைக் கூடுதலாக விட்டு, “--நோ-வெரிஃபை” போட்டு கமிட் செய்து புஷ் செய்யுங்கள். சிவப்பு வருகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

நிமிடக் கணக்கு: பொது ரெப்போவுக்கு கிட்ஹப்பின் வழக்கமான ரன்னர்கள் இலவசம். பிரைவேட் ரெப்போவுக்கு இலவசத் திட்டத்தில் மாதம் 2,000 நிமிடம். ஒவ்வொரு ஜாபும் அடுத்த முழு நிமிடத்துக்கு உயர்த்திக் கணக்கிடப்படும். 15 விநாடி வேலையும் 1 நிமிடம்தான். நாளைக்கு 20 புஷ், மாதம் 22 நாள் என்றால் 440 நிமிடம். புஷ், புல் ரிக்வெஸ்ட் இரண்டு நிகழ்வுக்கும் ஓடும்படி வைத்தால் திறந்த புல் ரிக்வெஸ்ட்டின் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் இரண்டு முறை ஓடும். கணக்கு 880 வரை போகும். புஷ்ஷை மெயின் பிராஞ்சுக்கு மட்டும் வையுங்கள். டெஸ்ட்களுக்குப் பல பைத்தான் பதிப்பு வைத்திருந்தாலும் ஃபார்மேட் சோதனைக்கு ஒன்று போதும்.

8. கட்டாயமாக்குவது

ஒரு வாரம் சிஐ ஓடட்டும், யாரையும் தடுக்க வேண்டாம். அந்த வாரத்தில் பதிப்புக் குழப்பம், விட்டுப்போன எக்ஸ்க்ளூட் எல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு மெயின் பிராஞ்சுக்கான பாதுகாப்பு விதியில் இந்த ஜாபைக் கட்டாயச் சோதனையாகச் சேருங்கள். தேடினால் பட்டியலில் வரவில்லையா? கடந்த 7 நாளில் அந்த ஜாப் ஒருமுறையாவது ஓடியிருக்க வேண்டும். ஜாபின் பெயரைப் பின்னால் மாற்றினால் விதியிலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பழைய பெயருக்காகப் புல் ரிக்வெஸ்ட் காத்துக்கொண்டே நிற்கும். பைத்தான் கோப்பு மாறினால் மட்டும் ஓடு என்று வொர்க்ஃப்ளோவில் பாத் ஃபில்டர் வைத்தாலும் இதே கதைதான். ஆவணத்தை மட்டும் திருத்திய புல் ரிக்வெஸ்ட் “பெண்டிங்”கிலேயே கிடக்கும். கட்டாயச் சோதனைக்கு பாத் ஃபில்டர் வேண்டாம்.

பிரைவேட் ரெப்போவும் இலவசத் திட்டமும் என்றால் பிராஞ்ச் பாதுகாப்பு கிடைக்காது. கட்டணத் திட்டம் வேண்டும். அதற்காக மட்டும் காசு கட்ட வேண்டாம். சிறிய குழுவுக்கு, சிவப்பாக இருந்தால் மெர்ஜ் செய்யாதீர்கள் என்ற பேச்சு போதும்.

9. எடிட்டர்

விஎஸ் கோடில் ரஃப் எக்ஸ்டென்ஷனை நிறுவி, பைத்தானுக்கு அதையே இயல்பு ஃபார்மேட்டராக வைத்து, சேமிக்கும்போது ஃபார்மேட் செய் என்பதை இயக்குங்கள். ப்ராஜெக்டின் வர்ச்சுவல் என்விரான்மென்ட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அதில் உள்ள ரஃப்பையே எக்ஸ்டென்ஷன் பயன்படுத்தும். அங்கே ரஃப் கிடைக்காவிட்டால் தன்னோடு வந்த பதிப்பை ஓட்டும். 3-ஆம் படியில் என்னைப் படுத்திய குழப்பம் மறுபடி முளைக்க அது போதும். பழைய ஃபார்மேட்டர் எக்ஸ்டென்ஷன் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

10. பதிப்பை உயர்த்தும்போது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். “ப்ரீ-கமிட் ஆட்டோஅப்டேட்” ஓட்டுங்கள். அது யாமலில் உள்ள எண்ணை மட்டும்தான் மாற்றும். சார்புப் பட்டியலிலும் “ரிக்வயர்ட்-வெர்ஷன்”இலும் உள்ள எண்களை நீங்கள்தான் மாற்ற வேண்டும். பிறகு “ப்ரீ-கமிட் ரன் --ஆல்-ஃபைல்ஸ்”. கோட் எதுவும் மாறவில்லை என்றால் ஒரே கமிட். மாறினால், எண் மாற்றம் ஒரு புல் ரிக்வெஸ்ட், அதனால் வந்த ஃபார்மேட்டிங் இன்னொன்று என்று பிரிக்கத் தோன்றும். அப்படிப் பிரித்தால் முதலாவது சிஐ-யில் சிவக்கும். ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் இரண்டு கமிட்டாக வைத்து, ஸ்க்வாஷ் செய்யாமல் மெர்ஜ் செய்து, இரண்டாவதன் ஹேஷை மெயினில் பார்த்து பிளேம்-இக்னோர் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.